மூன்றாம் வகுப்பு நடந்த தூரம்

ஆனி மாதத்து மூன்றாவது திங்கட்கிழமை மத்தியானம், சத்துணவு சமைக்கிற பேச்சித்தாய் சாம்பார் வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சமையல் கொட்டகையிலிருந்து மூன்றாம் வகுப்பு வாசலுக்கு இருபத்திரண்டு எட்டு என்று பதினெட்டு வருஷமாகக் கால்களுக்குத் தெரிந்த கணக்கில் நடந்துபோய்க் காலைத் தூக்கிப் படியில் வைத்தபோது, அங்கே படி இல்லை. இன்னும் ஆறு எட்டு வைத்தாள். படி இருந்தது. ஏறி உள்ளே போய், பிள்ளைகளை வரிசையாக உட்கார வைக்க முடியாமல் தொண்டை கட்டிப் போயிருந்த சந்தனமாரி டீச்சரிடம், "ரூமு கொஞ்சம் கெழக்க தள்ளிப் போயிருக்கு டீச்சர், சாம்பார் ஆறிரும், சீக்கிரம் உக்காரச் சொல்லுங்க" என்றாள்.

அத்திவிளையில் இதற்கு யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. அது செம்மணல் தேரி. ஆடிக் காற்றில் ஒரு மேடு எழுந்துபோய் அடுத்த மேட்டோடு சேர்ந்துகொள்ளும். போன வருஷம் ஆள் உயரத்துக்குத் தெரிந்த பனை இந்த வருஷம் கழுத்துவரை மூழ்கி நிற்கும். மாட்டு வண்டித் தடம் பொங்கலுக்கு ஒரு பக்கம், பங்குனிக்கு ஒரு பக்கம். மணலே நடக்கிற ஊரில் மணல்மேல் நிற்கிற ஒன்று நடந்தால் அதில் என்ன அதிசயம் என்று கேட்டுவிட்டு, அவரவர் வேலையைப் பார்த்தார்கள். மின்வாரியத்து ஆள் வந்து, அறுந்துபோன ஒயரைச் சேர்த்துக் கட்டி, நாளைக்கும் நகர்ந்தால் ஆகட்டும் என்று நாற்பது அடி ஒயரைச் சுருட்டிச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்.

நாளைக்கும் நகர்ந்தது. அதற்கடுத்த நாளும் நகர்ந்தது. மற்ற வகுப்புகள் இருந்த பெரிய கட்டடம் அசையவில்லை. தனியாக ஓடு வேய்ந்து கட்டியிருந்த மூன்றாம் வகுப்பு மட்டும், கரை சேரப் போகிற தோணிபோல அஸ்திவாரத்தை மணலில் இழுத்துக்கொண்டு, உள்ளே இருபத்தாறு பிள்ளைகளோடும் ஒரு டீச்சரோடும், ஒரு நாள் எட்டு அடி, ஒரு நாள் பன்னிரண்டு அடி, வெள்ளிக்கிழமைகளில் இருபது அடிகூடக் கிழக்கே போயிற்று. கிழக்கே செல்வலிங்கத்தின் முருங்கைத் தோட்டம். அதைத் தாண்டினால் தார் ரோடு. ரோட்டில் கல் லாரிகளும் உப்பு லாரிகளும் கண்மண் தெரியாமல் போகும்.

சந்தனமாரிக்கு முப்பத்தாறு வயது. தூத்துக்குடியில் வீடு. காலையில் இரண்டு பஸ் மாறி அத்திவிளைக்கு வருவாள், சாயங்காலம் நாலு இருபத்தைந்து பஸ்ஸைப் பிடித்துப் போவாள். அதை விட்டால் ஆறு மணிக்குத்தான் அடுத்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற புருஷன் முருகபெருமாள் போகிற நேரமும் வருகிற நேரமும் கப்பல்களின் கையில் இருந்தன. மகள் நிவேதிகாவுக்கு எட்டு வயது. அவளும் மூன்றாம் வகுப்புதான், டவுனில் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில். அவளுடைய டைரியில் வாரத்துக்கு இரண்டு தடவை 'வகுப்பில் கவனம் இல்லை, பெற்றோர் பார்க்கவும்' என்று சிவப்பு மையில் எழுதி வரும். சந்தனமாரி காலையில் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் நின்றுகொண்டே கையெழுத்துப் போடுவாள். டவுனுக்கு மாறுதல் கேட்டு எழுதிப் போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. லீவே எடுக்காதவர்களுக்குச் சீக்கிரம் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு வருஷமாக ஒரு நாள்கூட அவள் லீவு எடுத்ததில்லை.

அவளுடைய வகுப்பு ஒரு நிமிஷம் நின்ற இடத்தில் நிற்காது. ஒருத்தன் தண்ணி குடிக்கப் போனால் அவன் பின்னாலேயே ஒன்பது பேருக்குத் தாகம் எடுக்கும். பெரின்ராஜ் எப்போதும் ஜன்னல் கம்பியில் ஏறி நின்றுதான் பாடம் கேட்பான். இசக்கியம்மாள் என்றொரு பிள்ளை, கேள்வி கேட்டால் பதிலுக்கு இன்னொரு கேள்வியைத் திருப்பிக் கொடுப்பாள். ஆகவே அறை நடப்பதற்குக் காரணம் தேடி ஊர் ரொம்பத் தூரம் போகவில்லை. பிள்ளைகளின் ஆட்டம்தான் அறையை ஆட்டுகிறது என்றது. பயிற்சி வகுப்புக்கென்று சந்தனமாரி இரண்டு நாள் டவுனுக்குப் போயிருந்தபோது, தலைமையாசிரியர் ஆபிரகாம் சார் மூன்றாம் வகுப்பைப் பார்த்துக்கொண்டார். அந்த இரண்டு நாளும் அறை அசையவில்லை. அதோடு ஊருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

"சார் கையில கம்பு இருந்துச்சு, ரூமு நின்னுச்சு" என்றார் செல்வலிங்கம். அவருடைய தோட்டத்தின் முதல் வரிசை முருங்கை ஏற்கெனவே சாய்ந்திருந்தது. "டீச்சரம்மா தங்கமானவுகதான். ஆனா அதட்டத் தெரியல."

மறுநாள் காலையில் ஏழெட்டுத் தாய்மார்கள், பிள்ளைகளின் பையோடு சேர்த்து, அடிப்பதற்கென்று ஆளுக்கொரு புளிய விளாறையும் அனுப்பியிருந்தார்கள். சந்தனமாரி அதை யார்மேலும் போடவில்லை. ஆனால் மேஜைமேல் பரப்பி வைத்தாள். கையைக் கட்டு, வாயைப் பொத்து என்றாள். இருபத்தாறு பிள்ளைகளும் கையைக் கட்டி வாயைப் பொத்தி, பல்லி சத்தம் கேட்கிற அமைதியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு அறை பத்தொன்பது அடி நடந்தது.

விளாறுகளைப் பேச்சித்தாயின் அடுப்புக்குக் கொடுத்துவிட்டு, பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தாள். கை தட்டினால் திருப்பித் தட்டுகிற விளையாட்டு, பேசாத குழுவுக்கு அட்டை நட்சத்திரம், காலுறையில் செய்த கிளிப்பொம்மை, வாரத்துக்கு ஒரு வகுப்புத் தலைவர். பிள்ளைகளுக்கு அதெல்லாம் பிடித்திருந்தது, கிளி கேட்டால் பெரின்ராஜ்கூடக் கம்பியைவிட்டு இறங்கிவந்து பதில் சொன்னான். ஆனால் கிளியை ஆட்டிக்கொண்டே அவள் இன்னொரு கையைத் திருப்பி மணி பார்ப்பாள், மூன்று பத்து, இந்நேரம் நிவேதிகாவின் வேன் வந்திருக்கும், மூன்று நாற்பது, பூட்டைத் திறந்திருப்பாளா, அடுப்புப் பக்கம் போகாதே என்று சொன்னோமே என்று. அறை அதுபாட்டுக்கு எட்டும் பத்துமாகப் போய்க்கொண்டே இருந்தது.

ஊர் பழகிக்கொண்டது. பேச்சித்தாய் எட்டு எண்ணுவதை விட்டுவிட்டு, வாளிக்கு மூடி போட்டுக்கொண்டாள். கருவாடு விற்கிற கிழவர் அறையின் நிழல் எங்கே விழுகிறதென்று பார்த்து அங்கே கூடையை இறக்கினார். மூன்று வரிசை முருங்கை போனபிறகு செல்வலிங்கம் சண்டையை நிறுத்தி, நம் தோட்டத்தில் படிக்கிற பிள்ளைகள் தாகத்தோடு படிக்கக் கூடாது என்று வாசலில் ஒரு பானையை வைத்தார். அதையும் தினம் பத்தடி தூக்கி வைக்க வேண்டியிருந்தது. ஒன்றியக் கல்வி அலுவலகத்திலிருந்து மட்டும், பதிவேட்டில் உள்ள இடத்தைவிட்டு முன்அனுமதி பெறாமல் வகுப்பறை வெளியேறியதற்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது. ஆபிரகாம் சார் அதை மூன்று தரம் படித்துவிட்டு, விளக்கம் எழுத வேண்டியவர் தானா, இல்லை அறையா என்று தெரியாமல் மடித்து வைத்தார்.

ஆவணி பிறந்தபோது அறைக்கும் ரோட்டுக்கும் நடுவே மிச்சமிருந்த தூரத்தைக் கண்ணாலேயே அளந்துவிடலாம் போலிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சந்தனமாரி, வேறெதிலும் மனசு ஓடாமல், "ரோட்டுக்கு எத்தன அடி இருக்குன்னு அளந்துட்டு வாங்க பாப்போம்" என்றாள். பிள்ளைகள் குதிகாலோடு பெருவிரலை முட்ட வைத்து அளந்துகொண்டு போய்த் திரும்பி வந்தார்கள். இசக்கி இருநூற்று மூன்று அடி என்றாள். பெரின்ராஜ் நூற்று அறுபத்தொன்பது என்றான். ஒருவன் நானூறு என்றான், அவன் நடுவில் எண்ணிக்கையைத் தொலைத்திருந்தான். சண்டை வந்தது.

"எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வரணும்னா ஸ்கேல் வச்சு அளக்கணும். அதுதான் சரியான அடி" என்றாள் சந்தனமாரி.

"ஸ்கேலு யாரு காலு டீச்சர்?" என்று கேட்டாள் இசக்கி.

சந்தனமாரி மேஜைமேல் இருந்த ஸ்கேலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பதினோரு வருஷமாக அடி அடி என்று சொல்லிக்கொடுக்கிறோமே, அது யார் கால் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லையே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. "யாரோ ஒருத்தர் காலுதான் இருக்கணும்" என்றாள். "அப்போ எங்க காலு ஏன் ஆகாது?" என்றான் பெரின்ராஜ். ஆகும்தான். ஆனால் யாருடையது? ஒருத்தர் காலை எடுத்தால் மற்றவர்கள் விடமாட்டார்கள். கடைசியில் பேச்சித்தாயிடம் கிணற்றுக் கயிறு வாங்கிவந்து, அறையின் மூலைக்கு மூலை நீட்டி, இருபத்தாறு பிள்ளைகளும் ஒருவர் குதிகாலில் ஒருவர் விரலை வைத்து அதன்மேல் வரிசையாக நின்றார்கள். சந்தனமாரி முட்டிபோட்டுத் தவழ்ந்து ஒவ்வொரு பாதமாகச் சரிபார்த்தாள். முதல் விரலில் ஒரு முடிச்சு, கடைசிக் குதிகாலில் ஒரு முடிச்சு. அந்த நீளத்துக்கு 'ஒரு மூணாம் வகுப்பு' என்று பெயர் வைத்தார்கள். ரோட்டுக்கு ஏழு மூணாம் வகுப்பும் கொஞ்சமும் இருந்தது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதற்குக் கயிற்றை இரண்டாக மடித்து, நாலாக மடித்து, எட்டாக மடித்து, அதற்குள் பின்னம் வந்துவிட்டது. நாலாம் வகுப்புப் பாடம் அது. வரட்டும் என்று அதையும் நடத்தினாள். நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் தாய்மார்கள் நின்றார்கள். மணி ஐந்தே கால். அறை அன்றைக்கு ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"கயிறு கெட்டுனதுல நின்னுட்டு" என்று ஊர் முடிவு செய்தது. அன்றே தேர்க்கயிறு பருமனில் ஒன்றைக் கொண்டுவந்து, மஞ்சள் பூசி, ஜன்னல் கம்பியிலிருந்து பனைமரத்துக்கு இழுத்துக் கட்டினார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் நிவேதிகாவின் டைரியில் மறுபடியும் சிவப்பு மை. பனைமரத்தையும் சாய்த்துக்கொண்டு அறை பதினாலு அடி போயிற்று.

அன்று சாயங்காலம் மணி அடித்து எல்லோரும் ஓடியபிறகு, இசக்கி மட்டும் பலகை துடைக்கிற சாக்கில் நின்றாள்.

"டீச்சர், ஒண்ணு சொன்னா ஏசமாட்டியளே?"

"சொல்லு."

"நாங்க ஆடுனதுனால ரூமு நடக்கல. நீங்க மணி பாக்கீயள்லா, அப்பந்தான் நடக்கு. காலுக்குக் கீழ தெரியும். நாங்க எல்லாரும் பாத்துட்டோம்."

சந்தனமாரிக்கு முகம் சிவந்தது. "போட்டீ, வீட்டுக்குப் போ" என்று அதட்டினாள், அத்திவிளைக்கு வந்ததிலிருந்து அதட்டாத அதட்டல். பஸ்ஸில் போகும்போதுதான் ஒவ்வொன்றாகச் சேர்ந்து வந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஏன் இருபது அடி. தான் இல்லாத இரண்டு நாளும் ஏன் ஒன்றுமில்லை. அறை ஏன் மேற்கே போகவில்லை, தெற்கே போகவில்லை, பஸ் நிற்கிற திசையை மட்டும் பார்த்து ஏன் போகிறது. மறுநாள் கைக்கடிகாரத்தைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள். பிரயோஜனமில்லை. நெஞ்சுக்குள் ஓடுகிற கடிகாரத்தை எங்கே கழற்றி வைக்க? அறை ஒன்பது அடி நடந்தது. இருபத்தாறு பேரும் தரையைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

ரோட்டுக்கு நாற்பது அடி இருக்கும்போது, ஒரு புதன்கிழமை சாயங்காலம், ஒன்றிய அலுவலகத்திலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. வியாழக்கிழமை ஒன்றியப் பொறியாளர் வந்து பள்ளி நேரம் முழுவதும் இருந்து பார்ப்பார். அறை ஒரு சாண் அளவுக்கு அசைந்தாலும் அது ஆபத்தான கட்டடம், மறுநாளே இடிக்கப்படும், பிள்ளைகள் மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பள்ளிக்கு அனுப்பப்படுவார்கள். அந்த மூன்று கிலோமீட்டரும் லாரி ரோடு.

வியாழக்கிழமை ஊரே வந்து முருங்கைத் தோட்டத்தில் நின்றது. பொறியாளர் மெலிந்த மனிதர், பேச்சுக் குறைவு. மணலில் ஓர் இரும்பு முளையை அடித்து, அதிலிருந்து ஜன்னல் கம்பிக்குச் சணல் நூலை ஒரு சாண் தொய்வு விட்டுக் கட்டிவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தொய்வு போய் நூல் இறுகினால் முடிந்தது கதை.

முதல் மணி நேரம் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. சந்தனமாரி மனசை இரண்டு கையாலும் பிடித்து வைத்திருந்தாள். பதினொன்று இருபதுக்கு மேஜைமேல் இருந்த போன் அதிர்ந்தது. நிவேதிகாவின் பள்ளிக்கூடம். பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது, ஆபீஸ் பெஞ்சில் படுக்க வைத்திருக்கிறோம், அப்பா போன் எடுக்கவில்லை என்றார்கள். அவர் எடுக்கமாட்டார், கிரேன்மேல் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். "பாக்குதேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள். இந்த ஒரு நாள், இந்த ஒரு நாள் மட்டும் என்று சொல்லிக்கொண்டே பலகைப் பக்கம் திரும்பி, வகுத்தல் கணக்கு ஒன்றை எழுத ஆரம்பித்தாள். எண்பத்து நாலு என்று எழுதினாள். எதால் வகுக்க வந்தோம் என்று மறந்துபோயிற்று. சாக்பீஸ் பலகையிலேயே நின்றது. எந்தப் பெஞ்ச், ஜன்னலோரத்து மரப் பெஞ்சா, தண்ணி கொடுத்தார்களா.

ஓடுகள் ஒன்றோடொன்று உரசின. வெளியே கூட்டத்திலிருந்து "ஐயோ" என்று ஒரு சத்தம். பொறியாளர் எழுந்து நூல்மேல் குனிந்தார். தொய்வு பாதியாகியிருந்தது.

இசக்கி எழுந்து வந்து அவள் சேலையைப் பிடித்தாள். "டீச்சர். எங்க போயிட்டிய?"

பொய் சொல்ல அவளுக்கு நேரமில்லை. "எம் பிள்ளைக்குக் காய்ச்சல்டீ. தனியா கெடக்கா."

டீச்சருக்குப் பிள்ளை உண்டு என்பதே அவர்களில் பாதிப்பேருக்கு அப்போதுதான் தெரியும்.

"அப்போ போங்க டீச்சர்" என்றான் ஜன்னல் கம்பியிலிருந்து பெரின்ராஜ்.

"நான் எப்படில போக? இன்னைக்கு நான் போயிட்டா இந்த ரூமு..."

"நீங்க போனா ரூமு போவாது டீச்சர்" என்றாள் இசக்கி, கணக்குக்கு விடை சொல்கிறவள்போல, நிதானமாக. "நீங்க இங்க நின்னுக்கிட்டே போனீயன்னாதான் போவும்."

நூல் இறுகிக்கொண்டிருந்தது. சந்தனமாரி அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாக்பீஸை அவள் கையில் வைத்து அழுத்திவிட்டு, படியிறங்கி வெளியே வந்தாள். ஆபிரகாம் சார் எதிரே ஓடிவந்தார். அவள் சொல்லி முடிக்குமுன், "லீவு லெட்டரெல்லாம் பெறவு எழுதிக்கிடலாம்மா, நீங்க கெளம்புங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்வலிங்கம் பைக்கை எடுத்துவந்தார். "ஏறுங்க டீச்சர். முருங்கக்கா ஏத்துத வண்டி, பாத்து உக்காருங்க."

ரோட்டில் ஏறித் திரும்பும்போது அவள் பின்னால் பார்த்தாள். கன்றுக்குட்டிபோல அறையும் தன் பின்னாலேயே வந்துவிடுமோ என்றிருந்தது. அது வரவில்லை. வாசலில் ஆபிரகாம் சார் நின்றார். ஜன்னலில் பெரின்ராஜ் கை காட்டினான். முளைக்கும் கம்பிக்கும் நடுவே நூல் இரண்டு விரல் அளவு தொங்கி, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பைக் போகப் போக அறை சிறுத்துக்கொண்டே வந்தது, ஆனால் நின்ற இடத்தில் நின்றது. அது தன்னோடு வரவில்லையே என்று அந்த அவசரத்திலும் அவளுக்கு ஒரு துளி வருத்தம் இருந்தது.

பெஞ்ச் ஜன்னலோரத்தில் இல்லை, பீரோவுக்குப் பின்னால் இருந்தது. நிவேதிகா கண்ணைத் திறந்து, "அம்மா, ஸ்கூல் விடலியே, நீ எப்படி வந்த?" என்று கேட்டாள். அன்று முழுக்கவும் மறுநாளும் சந்தனமாரி அவள் தலைமாட்டிலேயே இருந்தாள். அத்திவிளையில் என்ன ஆயிற்றோ என்ற நினைப்பு இரண்டொரு தடவை எட்டிப் பார்த்தது. இருந்தும் வீடு ஒரு பக்கமும் நகரவில்லை.

திங்கட்கிழமை வந்தபோது அறை ரோட்டுக்கு முப்பத்தொன்பதே கால் அடியில், கொஞ்சம் சாய்வாகத் திரும்பி நின்றது. மணலில் அமர்ந்ததால் ஏற்பட்ட சிறு இறக்கம், பயமில்லை, ரோட்டுப் பக்கம் சுற்றுச்சுவர் ஒன்று கட்டவும் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்துப் போயிருந்தார். பலகையில் அவள் எழுதிய எண்பத்து நாலை யாரும் அழிக்கவில்லை. அதன் கீழே, வெவ்வேறு கையெழுத்துகளில், இரண்டால் வகுத்தும் மூன்றால் வகுத்தும் நாலால் வகுத்தும் ஆறால் வகுத்தும் ஏழால் வகுத்தும் பலகை நிறைய எழுதியிருந்தார்கள். ஐந்தால் வகுத்த இடத்தில் மட்டும் அடித்து அடித்து ஒரே வெள்ளைப் பூச்சாக இருந்தது.

"அஞ்சால போவமாட்டேங்கு டீச்சர்" என்று இருபத்தாறு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்குள்ளேயே இன்னொன்றும் கேட்டது. "காய்ச்சல் விட்டுட்டா?" "ஊசி போட்டாவளா?" "என்ன பேரு?" "அவளும் மூணாம் வகுப்பா?"

சந்தனமாரி நாற்காலியில் உட்காரவில்லை. மேஜையைத் தள்ளிவிட்டுத் தரையில், அவர்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னாள். பெயர் சொன்னாள், ஊசி போட்ட கதை சொன்னாள், ஊசியைப் பார்த்ததும் நிவேதிகா டாக்டரின் கையைக் கடித்த கதை சொன்னாள். சிரிப்பு அடங்கினபிறகு இசக்கி கேட்டாள்:

"அவ ரூமும் நடக்குமா டீச்சர்?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அது மூன்று மாடிக் கான்கிரீட் கட்டடம். அங்கே மூன்றாம் வகுப்பு மிஸ்ஸுக்கு ஒரு கைக்குழந்தை இருப்பதாக நிவேதிகா எப்போதோ சொன்னாள்; அந்த மிஸ் எந்த ஊரிலிருந்து எத்தனை பஸ் மாறி வருகிறாள், அவள் பெயர் என்ன, சிவப்பு மையில் எழுதும்போது அவள் மனசு எங்கே நிற்கிறது, சந்தனமாரிக்கு ஒன்றும் தெரியாது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, தான் அங்கே போய் நின்று கேட்டதில்லை.

"தெரியலயேட்டி" என்றாள். "சனிக்கெழம அவுகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. போய்க் கேட்டுட்டு வந்து சொல்லுதேன்."

பிறகு எழுந்து, ஐந்தால் போகாததை என்ன செய்வது என்று பார்க்கப் பலகைக்குப் போனாள்.